மணாலிக்குப் பருத்தி பனியன் வேண்டாம்

பிளஸ் டூ பசங்களோடு மணாலி போகிறீர்களா? பையிலிருக்கும் பருத்தி பனியனை எடுத்துவிட்டு, ஸ்போர்ட்ஸ் டேக்கு வாங்கிய பாலியஸ்டர் ஜெர்சியை வையுங்கள். பனியில் உடம்போடு ஒட்டிப் போட வேண்டியது அதுதான். திருப்பூர்க்காரன் இதைச் சொல்வது கொஞ்சம் துரோகம்தான்! ஆனால் பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஏறி நின்றதும் அந்த ஈரமே முதுகில் சில்லென்று ஒட்டி உடம்புச் சூட்டை இழுத்துவிடும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும். அதன்மேல் ஸ்வெட்டர், காற்றுக்கு ரெயின்கோட். கனத்த பனிக்கோட்டும் பூட்ஸும் மணாலி பக்கத்துச் சோலாங் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் வாடகைக்கே கிடைக்கும்.

வழியில் டெல்லி மே மாத வெயிலுக்குப் பருத்திதான். கேம்ப் ஃபயர் பக்கம் வெறும் ஜெர்சியோடு உட்கார விடாதீர்கள், பொறி பட்டால் உருகி ஒட்டும். கூடாரத்தில் இரவு தங்கும் ட்ரெக்கிங் என்றால் கம்பளி உள்ளாடை வாங்கித்தான் ஆகவேண்டும்.