நண்டு ஊருது, நரி ஊருது: கைக்குழந்தையோடு விளையாடும் முறை

என் மகளுக்கு ஒன்றரை வயது. மூன்று மாதத்துக்கு முன்புவரை, நான் 'நண்டு ஊருது' என்றாலே கையை இழுத்துக்கொள்வாள். எங்கே பிழை என்று பிடிபட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கையைச் சூடாக்குங்கள். நாங்கள் இருக்கும் நுவரெலியா, இலங்கை மலையகத்தில் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரிக் காலையில் பாத்திரம் கழுவிய கையோடு தொட்டால் எந்தப் பிள்ளையும் சிலிர்த்துப்போகும். தேத்தண்ணிக் கோப்பையை ஒரு நிமிடம் பிடித்திருந்து, தள்ளி வைத்துவிட்டு வாருங்கள்.

பிள்ளையை மடியில் இருத்தி, உள்ளங்கையில் பருப்புக் கடையுங்கள். சிலர் முழங்கையால் கடைவார்கள். சின்னக் கைக்கு ஆட்காட்டி விரலே போதும். சோறு போட்டு, நெய் ஊற்றி, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்குங்கள்: அம்மாவுக்கு, அப்பாவுக்கு, அப்பாயிக்கு, தாத்தாவுக்கு, கட்டை விரல் பாப்பாவுக்கு. எண்ணிக்கையும் உறவும் சேர்ந்தே வரும்.

இனி நண்டு. நான் தவறியது இங்கேதான். நேரே அக்குளுக்குப் போய்க் கிச்சுக்கிச்சு மூட்டிவிடுவேன். பிள்ளைக் காம்பராவில் (தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) பல வருடம் பிள்ளை பார்த்த என் மாமியார் செய்ததைப் பார்த்துத்தான் புரிந்தது. அவருடைய இரண்டு விரல்கள் மணிக்கட்டில் ஏறின. 'நண்டு ஊருது...' முழங்கையில் நின்றுவிட்டன. மகள் மூச்சைப் பிடித்து, தோளைக் காதுவரை தூக்கி, எச்சில் வழிய அவர் முகத்தையே பார்த்தாள். 'ம்' என்றாள். அதற்குப் பிறகுதான் 'நரி ஊருது'.

அந்த நிறுத்தத்தை விட்டுவிடாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று பிள்ளை ஊகிப்பதும், தன் முறைக்குக் குரல் கொடுப்பதும் அங்கேதான். பேச்சு அப்படித்தான் தொடங்குகிறது. கையை இழுத்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஃபோனில் நண்டு வீடியோ காட்டுவது எனக்குப் பிடிக்காது. வெயில் நாளில் தூக்கிக்கொண்டு போய் ஓடைக்கல் அடியில் காட்டுங்கள். பிறகு நண்டு, நரி, நாய், நகம் என்று 'ந' சொற்களைச் சேர்க்கலாம்.

பிறகு சேர்த்தது: தலவாக்கலையிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். பிள்ளையின் அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. 'அப்பாவுக்கு' என்றதும் பிள்ளை வாசலைப் பார்க்கிறதாம். அந்த விரலை விட்டுவிடவா என்று கேட்டார். வேண்டாம் அக்கா. அதை மடக்கிப் பொத்தி, 'அப்பாவுக்கு எடுத்து வச்சிருக்கோம்' என்று சொல்லுங்கள். இரவு அப்பா வீடியோ கோலில் வரும்போது பிள்ளை அந்த விரலை நீட்டட்டும். அவர் 'ஆ' என்று வாயைத் திறக்கட்டும்.