‘பாட்டரி’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பழகுவது எப்படி? செட்டிநாட்டு வீட்டுச் சாமான்களை வைத்து ஒரு பாடம்

காரைக்குடிப் பக்கம் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வீடு சுற்றிக் காட்டும் பிள்ளைகள் என்னிடம் ஒரு சந்தேகத்தை அடிக்கடி கொண்டுவருகிறார்கள். ‘பாட்டரி’ என்றால் மண்பாண்டம் என்று அகராதியில் இருக்கிறது. அப்படியானால் ஊறுகாய் ஜாடியையும் அப்படிச் சொல்லலாமா, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். அகராதியை மூடிவிட்டு வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுதான் நல்ல வழி.

முதல் படி: உச்சரிப்பு

‘பல்’ என்பதில் வரும் ‘ப’தான் இங்கே வேண்டும். ‘பஸ்’ஸில் வரும் ‘ப’ வந்தால், கேட்பவர் காதில் பேட்டரி என்று விழுந்துவிடும். அதோடு சேரும் உயிரொலியை ‘பா’வுக்கும் ‘போ’வுக்கும் நடுவில், நீட்டாமல் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: சொல்லின் குடும்பம்

‘பாட்’ என்றால் பானை. அதைச் செய்பவர் ‘பாட்டர்’. அவரிடமிருந்து பிறந்ததுதான் ‘பாட்டரி’. பேக்கர், பேக்கரி என்ற இணையை நினைத்துக்கொண்டால் மறக்காது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பேக்கரி என்றால் இடம் மட்டுமே. உள்ளே விற்கும் பன்னை யாரும் பேக்கரி என்று சொல்வதில்லை. பாட்டரிக்கோ மூன்று பொருள்: செய்த பாண்டம், செய்யும் தொழில், செய்கிற இடம். மானாமதுரையை வைத்துச் சொல்வதானால், அங்கே வாங்கிய குடமும் பாட்டரி, அதை வனையும் கலையும் பாட்டரி, அது உருவான தொழிற்கூடமும் ஒரு பாட்டரி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாம் படி: இரண்டு கேள்விகள்

எந்தப் பொருளைக் கண்டாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். களிமண்ணால் ஆனதா? சூளையில் சுட்டதா? இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்தால்தான் மேலே பேசலாம்.

அடுப்படியில் தொடங்குவோம். குழம்புச் சட்டியும் தண்ணீர்ப் பானையும் சந்தேகத்துக்கு இடமில்லாத பாட்டரி. இந்த வகைக்கு ‘எர்த்தன்வேர்’ என்று தனிப்பெயர் உண்டு. மிதமான சூட்டில் வெந்ததால் இதன் உடம்பில் நுண்துளைகள் மிஞ்சுகின்றன. அவற்றின் வழியாகக் கசியும் நீர் ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. பயணிகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள், மகிழ்ந்து கேட்பார்கள்.

அடுத்தது ஊறுகாய் ஜாடி. பார்வைக்குப் பானையின் உறவாகத் தெரியாவிட்டாலும் இதுவும் பாட்டரிதான். பெரும்பாலும் 1,200 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடுவதால் களிமண் இறுகிக் கல்லைப்போல் ஆகிவிடுகிறது, பெயரும் ‘ஸ்டோன்வேர்’. உப்பும் புளிப்பும் உள்ளே இறங்காமல் ஆச்சிமார் ஆண்டுக்கணக்கில் ஊறுகாய் வைத்திருப்பது இந்த இறுக்கத்தை நம்பித்தான்.

பீங்கான் தட்டும் கோப்பையும் இலக்கணப்படி பாட்டரியே. ஆனால் அன்றாடப் பேச்சில் அவற்றைப் ‘போர்சலின்’ அல்லது ‘சைனா’ என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கும் இனாமல் தூக்குகளும் தட்டுகளும் பீங்கானைப்போல் மின்னும். ஓரத்தில் பூச்சு உதிர்ந்த இடத்தைப் பாருங்கள், உள்ளே இரும்பு தெரியும். முதல் கேள்வியிலேயே விழுந்துவிட்டது.

வீட்டின் உட்பகுதியான வளவின் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லிடம்தான் பலரும் தவறுகிறார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் சாயக்கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்து அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து உருவாக்குவது அது. களிமண்ணும் இல்லை, சூளையும் இல்லை. அதைப் பாட்டரி என்று சொன்னால், நெருப்பே இல்லாமல் அந்தப் பளபளப்பைக் கொண்டுவரும் கைத்திறன் மறைந்துபோகும். ‘ஹேண்ட்மேட் சிமெண்ட் டைல்’ என்று பெருமையோடு சொல்லுங்கள்.

செங்கல்லும் கூரை ஓடும் இரண்டு கேள்விகளிலும் தேறும். ஆனாலும் கட்டடப் பொருள்களுக்கு இந்தச் சொல் வழங்குவதில்லை.

நான்காம் படி: எண்ணிக்கை

பொருளைக் குறிக்கும்போது இது தண்ணீர், அரிசி போல எண்ண முடியாத பெயர். இரண்டு சட்டிகளைக் காட்டி ‘டூ பாட்டரீஸ்’ என்றால் இரண்டு தொழிற்கூடங்கள் என்று பொருள்படும். ‘டூ பாட்ஸ்’ அல்லது ‘டூ பீசஸ் ஆஃப் பாட்டரி’ என்பதே சரி. இங்கிலாந்தில் ஸ்டோக் ஆன் டிரெண்ட் வட்டாரத்துக்கு ‘த பாட்டரீஸ்’ என்றே பெயர்; அங்கே தொழிற்கூடங்கள் நிறைந்திருந்ததால் பன்மை வந்தது. கீழடி அருங்காட்சியகத்துக்கு விருந்தினரை அழைத்துப் போனால், அங்குள்ள கருப்பு சிவப்புப் பாண்டங்களை மொத்தமாகப் ‘பாட்டரி’ என்றும், எழுத்துப் பொறித்த ஓட்டுத்துண்டைப் ‘பாட்ஷெர்ட்’ என்றும் பிரித்துச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: கூட வரும் வினைகள்

சக்கரத்தில் வனைவதற்கு ஆங்கிலத்தில் ‘த்ரோ’. எறிவது என்று மட்டுமே படித்தவர்கள் திகைப்பார்கள். அந்தச் சொல்லுக்குத் திருகுவது, சுழற்றுவது என்ற பழைய பொருள் ஒன்று இருந்தது, அது குயவர் வாயில் தங்கிவிட்டது. சுடுவதற்கு ‘ஃபயர்’, சூளைக்கு ‘கில்ன்’.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ‘மட் பாட்’ என்று சொல்லாதீர்கள். நம் நாட்டில் பரவலாக வழங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் ‘மட்’ என்றால் சேறு. கண்மாயில் மண் தேர்ந்தெடுத்து, கல் நீக்கி, காலால் மிதித்துப் பதப்படுத்தும் குயவர்களான வேளாரின் உழைப்பைச் சேறு என்று அறிமுகப்படுத்த எனக்கு மனம் வருவதில்லை. ‘கிளே பாட்’ என்பது இரண்டே சொல்.

பயிற்சிக்கு ஒன்று. ஊர் எல்லையில் ஐயனார் கோயிலில் வரிசையாக நிற்கும் புரவிகளை எப்படிச் சொல்வீர்கள்? களிமண், சுட்டது, செய்தவரும் பானை வனையும் அதே வேளார். ஆனாலும் சிலைகளுக்கும் உருவங்களுக்கும் ‘டெரகோட்டா’ என்பதே வழக்கம். சுட்ட மண் என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல் அது. புரவியைக் காட்டி ‘டெரகோட்டா ஹார்ஸ்’ என்று சொல்லிவிட்டு, செய்தவரை ‘பாட்டர்’ என்று அறிமுகப்படுத்துங்கள்.