"எல்லாம் புரியும், பேசத்தான் மாட்டான்"

வாசல் பக்கம் கை நீட்டி, "மக்களே, அந்தச் செருப்பை எடுத்துட்டு வா" என்கிறார் பாட்டி. மூன்று வயதுப் பேரன் ஓடிப்போய் எடுத்து வருகிறான். வீடே நிம்மதியாகிறது.

பிள்ளை பிடித்தது சொல்லையா, விரலையா? மொழி வளர்ச்சிக் குறைபாடு, அதாவது சொல்வதைப் புரிந்துகொள்வதிலும் பேசுவதிலும் பிள்ளைக்கு நீடிக்கும் சிரமம், பெரும்பாலும் கண்ணுக்குத் தப்புவது இங்கேதான். கை காட்டாமல், கண்ஜாடையும் இல்லாமல், "கரண்டியை நாற்காலிக்குக் கீழே வை" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு தடவை தவறினால் பயப்பட வேண்டாம். தினமும் உங்கள் முகத்தையே பார்த்து நின்றால் கவனிக்க வேண்டும்.

அடுத்தது, "அவனுக்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்ற ஆறுதல். இந்தக் குறைபாடு குடும்பத்தில் தொடர்வது சகஜம் என்பதால், அதுவே சீக்கிரம் காட்டுவதற்கான காரணம். தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தாமாகவே தேறிவிடுகிறார்கள், உண்மைதான். ஆனால் 2 வயதில் 50 வார்த்தைகூட இல்லை, "அம்மா வா" என்று இரண்டு சொல் சேரவும் இல்லை என்றால், காட்டிவிட்டுக் காத்திருங்கள்.

நாக்கில் வசம்பு தடவுவதும் நாக்குக்கு அடியில் உள்ள சவ்வை வெட்டிவிடுவதும் மொழியைத் தராது.

நம் குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் மலையாளமும் புழங்கும் வீடுகளில், "ரெண்டு மொழியில பிள்ளை குழம்பிட்டு" என்று ஒன்றை நிறுத்தச் சொல்கிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குறைபாடு வராது. இருந்தால் இரண்டிலுமே தெரியும். அப்புறம், "எனக்க பேனா" (என்னுடைய பேனா) என்பதைக் குறையாக நினைக்கும் ஆசிரியர்களுக்கு: அது நம் ஊர் வழக்கு. 5 வயதிலும் "நான் கடை போனான்" என்பதுபோல உருபும் விகுதியும் அடிக்கடி தப்பினால்தான் யோசிக்க வேண்டும்.

பள்ளியில் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பெயர் "சொன்னா கேக்க மாட்டான்". பிரிட்டனில் கணக்கிட்டபடி, 30 பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய 2 பேருக்கு இது இருக்கும். அடி வாங்குவது பெரும்பாலும் புரியாத பிள்ளைதான் என்பது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம்.

முதலில் காது பரிசோதனை, பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். மொழித் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டியதுதான். மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள, பேச்சுக்கும் செவித்திறனுக்குமான நிஷ் (NISH) நிறுவனம் எட்டும் தூரம். போகும்போது பிள்ளை வீட்டில் பேசுவதை போனில் பதிவு செய்து கொண்டுபோங்கள். புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறக்காது.