மாசக்கணக்குல நிக்கிற பைக்ல பெட்டரிய காப்பாத்துறது எப்படி

நுவரெலியா, கந்தப்பளை, ராகலை பக்கம் டிசம்பர்ல இருந்து பெப்ரவரி வரைக்கும் விடியக்காலைல புல்லு மேல பனி வெள்ளையா உறைஞ்சு கெடக்கும், அந்த நேரம் பைக் ஸ்டாட் ஆகலன்னா எல்லாரும் சொல்றது குளிருக்கு பெட்டரி செத்துப்போச்சுன்னு. குளிர் மேல பழி போடாதீங்க. சார்ஜ் இறங்கின பெட்டரிய இறங்கினபடியே வாரக்கணக்கா விட்டதாலதான் அது செத்திருக்கும். நம்ம பொடியன்க நிறைய பேர் பைக்க லயத்து இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணைல) நிறுத்திட்டு கொழும்புக்கு வேலைக்கு போறாங்க, தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் திரும்பி வருவாங்க, மஸ்கெலியா நோர்வூட் பக்கம் மே மாசம் மழை புடிச்சா செப்டம்பர் வரைக்கும் பைக் எடுக்காதவங்களும் இருக்காங்க, 2022ல பெட்ரோல் இல்லாத காலத்துல இந்த மாதிரி நின்னே எத்தனையோ பெட்டரி போச்சு. புதுசு வாங்க போற காசு சின்ன காசு இல்ல, அதனால இதை முழுசா படிங்க.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் ஈசியா புரியும். 12 வோல்ட் பெட்டரில ஆறு அறை இருக்கு, ஒவ்வொண்ணும் 2 வோல்ட்டுக்கு கொஞ்சம் மேல குடுக்கும். சார்ஜ் இறங்க இறங்க ஈயத் தகட்டு மேல சல்பேட் படியும், சீக்கிரமே திரும்ப சார்ஜ் ஏத்துனா அது கரைஞ்சிரும், அப்படியே விட்டா கெட்டிப்பட்டு எந்த சார்ஜர் போட்டாலும் முழுசா போகாது. குளிர்ல பெட்டரி தானா இறங்குறது உண்மையில குறைவு, கொழும்பு வெக்கைலதான் வேகமா இறங்கும். ஆனா 0 டிகிரி கிட்ட வந்தா பெட்டரி குடுக்கிற பலத்துல அஞ்சுல ஒரு பங்கு கிட்ட போயிரும், எஞ்சின் ஒயிலும் அப்ப கெட்டியா இருக்கும், அதனாலதான் பாதி சார்ஜ்ல இருக்கிற பெட்டரி நுவரெலியாவுல காலைல மாட்டிக்குது, அதே பெட்டரி மத்தியானம் வெயில் வந்ததும் ஸ்டாட் ஆகிரும்.

மொத வேலை ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குறது. ஹார்ட்வெயார் கடைல கிடைக்கிற சாதாரண மீட்டரே போதும். பைக் ஓடாம ஒரு ராத்திரி நின்ன பிறகு டேர்மினல்ல வச்சு பாருங்க. 12.6ல இருந்து 12.8 வரைக்கும் காட்டினா முழு சார்ஜ், 12.4ன்னா முக்கால்வாசி, 12.2ன்னா பாதி, 12.0 வந்துட்டா கால்வாசி கூட இல்லன்னு வச்சுக்கோங்க. ஓடி முடிச்ச உடனே பாக்காதீங்க, அப்ப காட்டுறது மேலோட்டமான வோல்ட், உண்மையான சார்ஜ் இல்ல. 12.4க்கு கீழ இறங்க விடக்கூடாது, அவ்வளவுதான் நீங்க மனசுல வச்சுக்க வேண்டிய நம்பர்.

பைக் சும்மா நிக்கும்போது பெட்டரிய குடிக்கிற சாமான் என்னன்னு பாருங்க. அலாம் போட்டவங்க, டிராக்கர் போட்டவங்க, ஹேண்டில்ல யூஎஸ்பி சார்ஜர் நேரா பெட்டரிக்கு இழுத்தவங்க கட்டாயம் பாக்கணும். மீட்டர மில்லி ஆம்பியருக்கு மாத்தி, சாவி ஓஃப்ல வச்சு, பெட்டரி மைனஸ் வயர கழட்டி அந்த வயருக்கும் மைனஸ் டேர்மினலுக்கும் நடுவுல மீட்டரோட ரெண்டு குத்தியையும் (வயர் நுனில இருக்கிற ஊசி) வைங்க. அந்த நிலைல சாவிய போட்டுறாதீங்க, ஸ்டார்டர் பட்டன அமுக்கவே கூடாது, மீட்டருக்குள்ள இருக்கிற ஃபியூஸ் போயிரும். கம்பெனில இருந்து வந்தபடியே இருக்கிற சின்ன பைக்னா ஒண்ணு ரெண்டு மில்லி ஆம்பியருக்குள்ள நிக்கும். அலாம் ஒண்ணு 20 மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட அரை ஆம்பியர் அவர் (பெட்டரி மேல Ah-ன்னு போட்டிருக்கிற கொள்ளளவு கணக்கு) போகுது, உங்க பெட்டரி 5 ஆம்பியர் அவர்னா பத்து நாள்ல காலி. ஆறு மாசம் கழிச்சு வந்து பெட்டரிய திட்டி என்ன பிரயோசனம்.

ஒரு மாசத்துக்கு மேல பைக் நிக்கப் போகுதுன்னா பெட்டரிய கழட்டி வீட்டுக்குள்ள வச்சிருங்க, என்னோட அபிப்பிராயத்துல இதவிட நல்ல வழி இல்ல. கழட்டும்போது மைனஸ் மொதல்ல, அப்புறம் பிளஸ். மாட்டும்போது பிளஸ் மொதல்ல. மைனஸ் கழட்டியாச்சுன்னா பிளஸ் பக்கம் ஸ்பேனர் தெரியாம சேசில பட்டாலும் பொறி வராது. கழட்டின கையோட பெட்டரி மேல் பக்கத்த நல்லா துடைங்க, இத நிறைய பேர் செய்றதில்ல. மழைக்காலத்துல நம்ம பக்கம் எல்லாமே ஈரம், மேல படிஞ்ச அழுக்கும் ஆசிட் கசிவும் அந்த ஈரத்தோட சேந்தா அது வழியாவே கரண்ட் கசியும். நம்பலன்னா மீட்டரோட கறுப்பு குத்திய மைனஸ்ல வச்சிட்டு சிவப்பு குத்திய பெட்டரி மூடி மேல உள்ள ஈரமான அழுக்குல இழுத்து பாருங்க, பிளாஸ்டிக் மேலயே வோல்ட் காட்டும். டேர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருந்தா அப்பச்சோடாவ தண்ணில கரைச்சு பழைய டூத் பிரஷ்ல தேச்சு கழுவுங்க, அறை மூடிக்குள்ள அந்த தண்ணி ஒரு சொட்டும் போகக்கூடாது. நல்லா காஞ்ச பிறகு கொஞ்சம் வாசலின் தடவிருங்க.

வைக்கிற இடம். அடுப்படில வைக்கவே கூடாது. சூடா இருக்கட்டும்னு விறகு அடுப்பு பக்கத்துல வைக்கிற பழக்கம் இருக்கு, சூட்டுல பெட்டரி இன்னும் வேகமா இறங்கும், அதோட சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், ஒரு பொறி பட்டா வெடிக்கும். சிமெண்ட் தரைல வச்சா சார்ஜ் இறங்கிரும்னு பெரியவங்க சொல்வாங்க, அது அந்த காலத்து ரப்பர் பெட்டி பெட்டரிக்கு சரி, இப்ப வர்ற பிளாஸ்டிக் பெட்டிக்கு அப்படி ஒண்ணும் ஆகாது. பிள்ளைகளுக்கு எட்டாத, காத்து வர்ற, காஞ்ச இடமா பாத்து நிமித்தி வைங்க.

இப்ப சார்ஜ் ஏத்துறது. பெட்டரில எத்தனை ஆம்பியர் அவர்னு எழுதியிருக்கோ அதுல பத்துல ஒரு பங்குதான் கணக்கு, 5 ஆம்பியர் அவர் பெட்டரிக்கு அரை ஆம்பியர். லொறி சார்ஜ் பண்ற பெரிய சார்ஜர்ல குடுத்தா உள்ள கொதிச்சு தகடு வளைஞ்சிரும், டவுன்ல சார்ஜுக்கு குடுக்கிறவங்க இத வாய் விட்டு சொல்லிட்டு குடுங்க. பாதி இறங்கின 5 ஆம்பியர் அவர் பெட்டரிக்கு அரை ஆம்பியர்ல ஆறு மணித்தியாலம் தேவைப்படும். பழைய சார்ஜர்னா மறக்காம கழட்டணும். முடிஞ்சா ஓட்டோமெட்டிக் சார்ஜர் ஒண்ணு வாங்குங்க, அது 14.4 வோல்ட் வரைக்கும் ஏத்திட்டு நிறைஞ்ச பிறகு தானா 13.5 கிட்ட இறங்கி புடிச்சு வச்சிருக்கும், மாசக்கணக்குல மாட்டியே வைக்கலாம். ஆனா லயத்து வயரிங் பழசு, ட்ரிப் சுவிட்ச் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாத்துட்டு மாட்டுங்க, ஒக்டோபர் நவம்பர்ல இடி மின்னல் அடிக்கும்போது பிளக்க உருவிருங்க. ஆள் இல்லாத வீட்ல சார்ஜர மாட்டி வச்சிட்டு போறது எனக்கு சரின்னு படல. அதவிட முழு சார்ஜ் ஏத்தி கழட்டி வச்சிட்டு, வீட்ல இருக்கிற தம்பிகிட்டயோ தங்கச்சிகிட்டயோ மீட்டர் பாக்க சொல்லி குடுத்து மாசத்துக்கு ஒருக்கா பாக்க வைங்க, 12.5க்கு கீழ போனா ஒரு ராத்திரி சார்ஜ்.

தண்ணி ஊத்துற பெட்டரின்னா சார்ஜுக்கு முன்னாடி தகடு மூழ்கியிருக்கான்னு பாருங்க, சார்ஜ் நிறைஞ்ச பிறகு மேல் கோடு வரைக்கும் டிஸ்டில் வோட்டர் விடுங்க. பைப் தண்ணி, ஊத்து தண்ணி எதுவும் வேணாம், ஆசிட் ஊத்தவே வேணாம், ஆவியா போறது தண்ணி மட்டும்தான். மூடி இல்லாத மெயின்டெனன்ஸ் ஃப்ரீ பெட்டரிய நெம்பி தொறக்காதீங்க.

வாரத்துக்கு ஒருக்கா அஞ்சு நிமிஷம் ஸ்டாட் பண்ணி வைக்க சொல்லி அம்மாகிட்ட சாவிய குடுத்துட்டு போறாங்களே, அத தயவுசெஞ்சு நிப்பாட்டுங்க. செல்ஃப் அடிச்சப்ப போன கரண்ட கூட ஐட்லிங்ல (நின்ன இடத்துல எஞ்சின் சும்மா ஓடும்போது) சின்ன பைக் ஒழுங்கா திருப்பி ஏத்தாது, அதுக்கு மேல எஞ்சின் சூடேறாம நிப்பாட்டுறதால சைலன்சர்லயும் ஒயில்லயும் தண்ணி சேரும். ஓட்ட ஆள் இருந்தா அரை மணித்தியாலமாவது நல்லா ஓட்டிட்டு வரட்டும், ஆள் இல்லன்னா தொடவே வேணாம்.

திரும்பி வந்து மாட்டினதும் செல்ஃப் அடிக்கும்போது மீட்டர பாருங்க, 9.5 வோல்ட்டுக்கு கீழ விழுந்தா பெட்டரி தளந்துருச்சு. ஸ்டாட் ஆன பிறகு கொஞ்சம் எக்சிலேட்டர் குடுத்தா 13.5ல இருந்து 14.5க்குள்ள வரணும், 13 கூட வரலன்னா கோளாறு பெரும்பாலும் பெட்டரில இல்ல, பெட்டரிக்கு சார்ஜ் குடுக்கிற ரெகுலேட்டர் இல்லன்னா காயில் பக்கம், புது பெட்டரி போட்டாலும் அதுவும் இறங்கும். இன்ஜெக்ஷன் பைக் வச்சிருக்கிறவங்க பள்ளத்துல தள்ளி ஸ்டாட் பண்ணிக்கலாம்னு இருந்துறாதீங்க, பெட்டரி சுத்தமா காலின்னா பெட்ரோல் பம்ப் ஓடாது, ஹட்டன் டவுன் வரைக்கும் உருட்டிட்டு போனாலும் எஞ்சின் புடிக்காது. முழு சார்ஜ் ஏத்தி ஒரு ராத்திரி வச்சும் 12.4 தாண்டலன்னா அது முடிஞ்சுது, தேயிலை மலையிலயோ ஓடையிலயோ வீசாம பெட்டரி கடைல குடுங்க, புதுசு வாங்கும்போது பழசுக்கு விலைல கழிச்சு குடுக்கிற கடைகள் இருக்கு.