கிளாட் ரெய்ன்ஸ் படங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1940களின் ஹாலிவுட் படங்களைத் தேடிப் பார்க்கிறவர்கள் ஹம்ப்ரி போகார்ட், இங்க்ரிட் பெர்க்மன், கேரி கிராண்ட் என்று நட்சத்திரங்களின் பின்னாலேயே போய்விடுகிறார்கள். அதே படங்களில் அவர்களுக்குச் சரிசமமாக நிற்கும் குணச்சித்திர நடிகரைத் தவறவிடுகிறார்கள். கிளாட் ரெய்ன்ஸ் விஷயத்தில் இது பேரிழப்பு.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, சிறிய வேடங்களை நிரப்பல் என்று தள்ளிவிடுவது. ‘கசாப்ளாங்கா’வில் (1942) ரெய்ன்ஸ் பிரெஞ்சுக் காவல் அதிகாரி ரெனோவாக வருகிறார். போகார்ட் நடித்த ரிக்கின் விடுதியில் சூதாட்டம் நடப்பது தனக்கு அதிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லி, இடத்தை மூட உத்தரவிடுகிறார். அந்த நேரம் பார்த்துச் சூதாட்ட மேஜைப் பணியாளர் வந்து, அவர் ஜெயித்த பணத்தை நீட்டுகிறார். ரெய்ன்ஸ் அசடு வழியவில்லை. கண் சிமிட்டவும் இல்லை. தாழ்ந்த குரலில் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, அடுத்த மூச்சிலேயே எல்லோரையும் வெளியேறச் சொல்லி அதட்டுகிறார். பணம் நீட்டுகிறவர் மார்செல் டாலியோ. ழான் ரெனுவார் 1939இல் எடுத்த ‘ஆட்டத்தின் விதிகள்’ படத்தில் முக்கிய வேடம் ஏற்றவர், யூதர். நாஜிகளுக்குத் தப்பி வந்தவருக்கு இங்கே கிடைத்தது சில நொடிகள்தான். இந்தப் படத்தின் பல சிறு வேடங்களில் இப்படி அகதிகளாக வந்த நடிகர்கள் இருக்கிறார்கள்.

ரெனோவை வெறும் வேடிக்கை மனிதராக எடுத்துக்கொள்வதும் தவறு. விசாவுக்காக வரும் பெண்களிடம் அவர் என்ன விலை கேட்கிறார் என்பதை அன்றைய தணிக்கை நெறிகள் வெளிப்படையாகச் சொல்ல விடவில்லை. பல்கேரிய இளம்பெண் ரிக்கிடம் தயங்கித் தயங்கிப் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். எல்லாம் அதில் இருக்கிறது. அந்த அழுக்கு தெரிந்தால்தான், முடிவில் அவர் எடுக்கும் நிலைப்பாட்டின் கனம் புரியும்.

‘நொட்டோரியஸ்’ (1946) பார்க்கும்போது நாஜிக் கூட்டத்து ஆள் என்றதுமே அவரை வில்லன் பட்டியலில் சேர்த்துவிட்டு உட்காராதீர்கள். ஹிட்ச்காக்கின் இந்தப் படத்தில் கதாநாயகன் தான் விரும்பும் பெண்ணை உளவு வேலைக்காக இன்னொருவனிடம் அனுப்புகிறான். அந்த இன்னொருவன், ரெய்ன்ஸ் நடித்த செபாஸ்டியன், அவளை முழுமனத்தோடு நம்பிக் கல்யாணமும் செய்துகொள்கிறான். அவள் அமெரிக்க உளவாளி என்று தெரிந்ததும், விடியும் முன்பே தாயின் படுக்கையறைக்குப் போய் நிற்கிறான். அதிகாரமாக உலவிய மனிதன் அங்கே தண்டனைக்குப் பயந்த சிறுவனாகிவிடுகிறான். தாயோ படுக்கையில் எழுந்து உட்கார்ந்து சிகரெட் பற்ற வைக்கிறாள். லியோபோல்டின் கான்ஸ்டன்டின் நடித்த அந்தத் தாயை விட்டுவிட்டு ரெய்ன்ஸை மட்டும் புகழ்ந்தால் பாதி காட்சியைத்தான் பார்த்திருக்கிறோம். கடைசிப் படிக்கட்டுக் காட்சியிலும் காதலர்களை விட்டு ரெய்ன்ஸின் முகத்தைப் பின்தொடருங்கள். என்ன நடக்கிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.

அவருடைய குரலைக் கெடுக்கும் எதையும் ஒதுக்குங்கள். லண்டனில் 1889இல் பிறந்து, மேடையில் பேச்சைப் பட்டை தீட்டியவர் அவர். ஹாலிவுட்டில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ‘தி இன்விசிபிள் மேன்’ (1933) படத்தில் முகம் கடைசியில்தான் தெரியும், அதுவரை குரல்தான். மொழிமாற்றம் செய்த பிரதியோ, ஓசை மங்கிய இலவசப் பிரதியோ வேண்டாம். ‘கசாப்ளாங்கா’வுக்கு 1980களில் வண்ணம் பூசிய பிரதியும் உண்டு. கறுப்பு வெள்ளைக்காகவே ஒளியமைத்த முகங்களை அது தட்டையாக்கிவிடுகிறது.

ஆஸ்கர் விருதை வைத்து அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: துணை நடிகருக்காக நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டார், ஒரு முறையும் கிடைக்கவில்லை.

எங்கே தொடங்குவது? 1943இல் வந்த வண்ணப்படமான ‘ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா’ அவர் பெயரைத் தேடினால் முன்னால் வந்து நிற்கும். அதில் தொடங்க வேண்டாம். முகமூடிக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் நடுவில் அவருக்கு இடம் குறைவு. ‘நொட்டோரியஸ்’, அதன்பின் ‘கசாப்ளாங்கா’, பிறகு பெட் டேவிஸுக்கு மனநல மருத்துவராக அவர் வரும் ‘நவ், வாயேஜர்’ (1942). இந்த வரிசையில் பாருங்கள்.