பரம்பரை நோயென்றால் சொந்தத்தில் கட்டியதால்தானா?

ஒரே பரம்பரை நோய் ஓர் ஊரில் பல குடும்பங்களில் இருக்கிறதென்று கேள்விப்பட்டால், "சொந்தத்துக்குள்ளேயே கட்டியிருப்பாங்க" என்றுதான் முதலில் சொல்கிறோம். அத்தை மகன், தாய்மாமன் என்று கட்டிக்கொடுத்துப் பழகிய நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் பல இடங்களில் அது தவறு. நோயுள்ள குழந்தையைப் பெற்றவர்கள் மேல் செய்யாத குற்றத்தைச் சுமத்துவதால் கொடுமையும்கூட.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சாகெனே என்றொரு பகுதி. 1838 முதல் பிரெஞ்சு வம்சாவளியினர் அங்கே காடு திருத்திக் குடியேறினார்கள். முதல் தலைமுறைகளில் பெரும்பாலோர் பக்கத்து ஷார்லவுவாவிலிருந்து வந்தவர்கள். அவர்களின் முன்னோர், 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த சில ஆயிரம் பேர். குடும்பம் குடும்பமாகவே நகர்ந்தார்கள். முந்தி வந்தவர்களுக்கு நிலம் கிடைத்தது, பிள்ளைகளும் அதிகம். களஞ்சியத்திலிருந்து ஒரு கைப்பிடி விதைநெல் அள்ளி விதைத்தால், அதில் தற்செயலாகக் கலந்திருந்த வேற்று விதையும் வயல் முழுக்கப் பெருகும் அல்லவா? நிறுவனர் விளைவு என்பது இதுதான்.

அங்கே கல்லீரலைத் தாக்கும் டைரோசினீமியா சுமார் 1,850 பிறப்புகளில் ஒன்றில் வருகிறது. ஏறத்தாழ 22 பேரில் ஒருவர் அந்த நோய்க்கான பழுதான மரபணுவைச் சுமக்கிறார். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்தால்தான் குழந்தைக்கு நோய். உறவே பார்க்காமல் திருமணம் நடந்தாலும் 484 தம்பதிகளில் ஒரு தம்பதியில் இருவருமே அதைச் சுமப்பவர்களாக இருப்பார்கள். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. பெருக்கினால் 1,936-இல் ஒன்று. நேரில் காணும் எண்ணிக்கைக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்! தேவாலயப் பதிவேடுகளைக் கொண்டு 1972 முதல் அங்கே வம்சாவளித் தரவுத்தளம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். நெருங்கிய உறவுத் திருமணம் கியூபெக்கின் மற்ற பகுதிகளைவிட அங்கே அதிகமில்லை என்பதே அதிலும் தெரிந்தது. "நாங்கள் அந்நியத்தில்தான் கட்டினோம், எங்களுக்குப் பயமில்லை" என்ற நிம்மதி இந்தக் கணக்கின் முன் நிற்காது.

சிறு கூட்டத்திலிருந்து பெருகியவர்களிடம் நோய்கள் கூடத்தான் செய்யும் என்று நினைப்பதும் சரியல்ல. பின்லாந்தில் வேறெங்கும் அரிதான முப்பதுக்கும் மேற்பட்ட பரம்பரை நோய்கள் உண்டு. ஆனால் ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் சாதாரணமாகக் காணும், நுரையீரலைத் தாக்கும் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் அங்கே அபூர்வம். கைப்பிடிக்குள் வராத விதை முளைக்காது.

சாகெனே மக்களை 'நோயாளிக் கூட்டம்' என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்ல. எந்த நோய் வருமென்று தெரிந்ததால்தான் கியூபெக்கில் 1970 வாக்கிலேயே பிறந்த குழந்தைகளுக்கு டைரோசினீமியா சோதனை தொடங்கியது. 1990-களில் நிட்டிசினோன் மருந்து வந்தபின் அந்தக் குழந்தைகள் பிழைத்து வளர்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. ஆந்திரத்து வைசியரிடம் சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதிக் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அன்றாட வாழ்வில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தத் தரும் சக்சினைல்கோலின், சில நிமிடங்களில் தெளிய வேண்டியது, இவர்களில் சிலருக்கு மணிக்கணக்கில் தெளியாமல் மூச்சை நிறுத்திவிடும். மயக்க மருத்துவருக்கு முன்பே தெரிந்தால் வேறு மருந்து தருவார். வீட்டில் யாருக்காவது அப்படித் தாமதமாகத் தெளிந்திருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.