ஹட்டனிலிருந்து லண்டன்: பயண நேரத்தைக் கணக்குப் போடுவது எப்படி

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீட்டர். எங்கும் நிற்காத விமானம் 11 மணித்தியாலம் அளவில் போய்ச் சேரும். ஆனால் பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்து ஆட்களுக்குப் பயணம் தோட்டத்து ரோட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் தூரம். 5,400 என்று எங்காவது கண்டால் அது மைல், 1.609ஆல் பெருக்குங்கள். சுவர்ப் படத்தில் அடிமட்டம் வைத்து அளந்தால் பிழைக்கும். உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அதுதான் மிகக் குறுகிய வழி. போர் நடக்கும் நாடுகளின் வான்பரப்பைச் சுற்றிப் போகும் நாட்களில் இதைவிடக் கூடும்.

கிலோமீட்டர் தூரத்தை 850ஆல் (விமானத்தின் மணி வேகம்) வகுத்து, ஏற இறங்க அரை மணித்தியாலம் கூட்டினால் பறக்கும் நேரம் கிட்டத்தட்ட வந்துவிடும். மேற்கே போகும்போது பெரும்பாலும் எதிர்க்காற்று; அதனால் திரும்பி வரும் பயணம் பொதுவாகக் குறைந்த நேரமே எடுக்கும்.

டிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். டிசம்பரில் 13:00க்குப் புறப்பட்டு 18:45க்கு இறங்குவதாக இருந்தால் 5¾ மணித்தியாலம் என்று நினைக்கக் கூடாது. லண்டன் நேரத்தோடு 5½ கூட்டினால் நம் நேரம் 00:15. ஆகவே பயணம் 11¼ மணித்தியாலம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 4½ மட்டும் கூட்டுங்கள். கட்டாரின் தோஹாவில் விமானம் மாறுவதானால், அந்த ஊர் நேரத்தோடு வருடம் முழுக்க 2½.

தோஹா வழியாகப் போனால் 3,600, பிறகு 5,200 கிலோமீட்டர். தூரம் நூறு கிலோமீட்டர் அளவுதான் கூடுகிறது. நேரத்தைத் தின்பது அங்கே காத்திருப்பதுதான்.

அதிகம் பேர் தவறுவது நள்ளிரவு விமானத்தில். டிக்கட்டில் '12ஆம் திகதி 00:40' என்றிருந்தால், வீட்டை விட்டு இறங்க வேண்டியது 11ஆம் திகதி. பின்னாலிருந்து எண்ணுங்கள்: மூன்று மணித்தியாலம் முன்னதாக, 21:40க்கு விமான நிலையம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக 130 கிலோமீட்டர் அளவு. வளைவும் பனிமூட்டமும் இருப்பதால் வான் வண்டிப் பயணத்துக்கு ஐந்து மணித்தியாலம் வையுங்கள். அப்போது 16:40. மழைக்கும் டயர் பஞ்சருக்கும் இன்னும் ஒன்றரை மணித்தியாலம் விட்டால், பிற்பகல் மூன்று மணிக்கு வான் ஹட்டன் டவுனைத் தாண்டியிருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வரும் நேரம் இதில் இல்லை. வான்காரருக்கு '12ஆம் திகதி ராத்திரி' என்று சொல்லிவிட்டால் ஒரு முழு நாள் பிந்திவிடும். '11ஆம் திகதி பகல் மூன்று மணி' என்றே சொல்லுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கை வந்தால் கினிகத்தேனையிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழி இருக்கிறது. ஆனால் கடுகண்ணாவையிலும் ரோடு மூடப்படலாம். அப்படியான நாளில் முதல் நாளே இறங்கி, நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கிவிடுவதே நல்லது.